நிற்காத வண்டி

"ஏலே சங்கரு, இந்த வண்டியை எடுத்து அங்கன ஓரமா விடு. பாடை கட்ட எடம் வேண்டாமா?" வாசலில் நின்று பால்வண்ணநாதன் சித்தப்பா சத்தம் போட்டார்.

அப்பாவின் தலைமாட்டில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த சண்முகப்பிரியாவின் கை நின்றது. தம்பி விஜயசங்கர் அந்த பைக்கை விடியுமுன் மேலகரத்திலிருந்து தள்ளிக்கொண்டே வந்ததை அவள் மட்டும்தான் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"சாவியக் காணல சித்தப்பா" என்றான் அவன். சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

கடையத்திலிருந்து வந்திருந்த ஆவுடையம்மாள் அத்தை மூக்கைச் சிந்திவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டாள். "குத்தாலத்துலேர்ந்து தென்காசி ஆஸ்பத்திரிக்கு என்ன தூரம்லே? எந்தம்பியக் கொண்டு சேக்க இம்புட்டு நேரமா?"

"சீசன் கூட்டம் அத்தே. ரோடு பூரா காரு."

காலையிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் அதையேதான் சொன்னான். சொல்லச் சொல்லக் கூட்டம் பெருத்துக்கொண்டே போனது. இன்னும் இரண்டு பேர் துக்கம் கேட்டால் பாதிக் கேரளாவே குற்றாலத்துக்கு வந்து இறங்கிவிடும் என்று சண்முகப்பிரியா நினைத்தாள்.

கூட்டம் இருந்தது உண்மைதான். நேற்று சாயங்காலம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது தெருமுனையிலேயே கார்கள் அடைத்து நின்றன; ஆம்புலன்ஸ் நுழைய வழியில்லை. பைக்தான் போகும் என்றான் தம்பி. அது சரியான யோசனை. அப்பாவை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஏறி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கார்களுக்கு இடையே வளைந்து வளைந்து கூட்டத்தைத் தாண்டியும் விட்டார்கள். அதற்கப்புறம் ரோடு காலியாகத்தான் கிடந்தது. சாரல் மட்டும் மழையாக வலுத்தது. மேலகரம் வந்ததும் வண்டி விக்கியது, இருமியது, நின்றுவிட்டது.

கம்பெனிக்காரன் மூடி போட்டுப் பத்திரமாக வைத்திருந்த ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, திறந்தாப்பில் நிற்கிற ஒன்றை மாட்டியிருந்தான் விஜயசங்கர். காற்று நன்றாக இழுக்கும், வண்டி சீறும், சத்தம் கெத்தாக இருக்கும் என்றான். அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "இது என்ன மதுரையாலே? இந்தச் சாரல்ல மூக்கைத் தொறந்து வச்சா வண்டி தும்மாம என்ன செய்யும்?" என்றார். அதோடு அப்பனும் மகனும் பேச்சை விட்டார்கள். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இவன் தட்டின் முன் உட்காருவான். பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் அம்மா முத்துவடிவுதான் முடித்துவைத்தாள். "ஒரு டப்பாவுக்காவ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலையணுமா? ஒத்த ஆம்பளப் புள்ள, ஆசைப்படுதான். போட்டுட்டுப் போறான், விடுங்க."

"ஒம் மவன், ஒம் பாடு" என்றார் அப்பா.

நேற்று வண்டி நின்ற இடத்தில், பூட்டிக்கிடந்த ஒரு கடைப் படியில் அப்பாவைச் சாய்த்துவிட்டு, சேற்றில் கால் புதையப் புதைய அவள் வண்டியைத் தள்ளினாள். தம்பி ஏறி உட்கார்ந்து என்னென்னவோ செய்து பார்த்தான். அசையவில்லை. ஒரு செருப்பு சேற்றோடு போனது. கை காட்டியதற்கு ஒரு கார் மெதுவானது. தலையில் ஈரத்துண்டு கட்டியிருந்தவன் கண்ணாடியை இறக்கி, படியில் கிடந்த அப்பாவைப் பார்த்தான். "பெருசு ஃபுல்லு போல" என்று உள்ளே திரும்பிச் சொன்னான். சிரிப்புச் சத்தத்தோடு கார் போய்விட்டது. குடித்தறியாத மனிதர். பிறகு ஒரு லோடு ஆட்டோக்காரர் நின்று ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்ன வந்திருக்கலாமே" என்றார்.

தம்பியை எல்லார் முன்னாலும் இழுத்து வைத்து அறைய வேண்டும்போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. கொன்னுட்டியேலே என்ற ஒரு சொல் நேற்றிலிருந்து தொண்டையிலேயே நின்றது. அப்பாவை எடுக்கட்டும். வீடு காலியானதும் அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று இருந்தாள். தன் வாயால் சம்மதம் வாங்கிக் கொடுத்த டப்பா என்ன செய்தது என்று அம்மாவுக்கும் தெரியத்தான் வேண்டும்.

குளிப்பாட்டுவதற்கு நீர்மாலை எடுக்க ஆண்கள் புறப்பட்டார்கள். விஜயசங்கர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டான். சாவி கீழே விழுந்தது.

"இந்தா இருக்கு! கூறுகெட்ட பய, பையிலயே வச்சுக்கிட்டுத் தேடுதான்" என்று சித்தப்பா எடுத்துக்கொண்டு போனார்.

வெளியே காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டரில் ஒரே அமுக்கு. ஈரம் காய்ந்திருந்த வண்டி தெருவே அதிர உறுமியது. விஜயசங்கர் துண்டை இடுப்பில் கட்டியபடி சுவரோடு ஒட்டி நின்றான். சங்கு ஊதுகிறவர் கூட ஊதாமல் திரும்பிப் பார்த்தார். சித்தப்பா அதை மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

அதுவரை சுவரில் சாய்ந்திருந்த முத்துவடிவு தலையைத் தூக்கினாள்.

"நல்லாத்தானட்டி ஓடுது" என்றாள். "மழையில நின்னுரும், நின்னுரும்னு உங்கப்பா சும்மா பயந்தாவ. நேத்து அவுகளுக்குல்லா ஒதவுச்சு?"

சண்முகப்பிரியா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "சொல்லுட்டி. வழியில எங்கயும் நிக்கலல்லா?"

வாசலில் தம்பி நீர்மாலைக் குடத்தை எடுத்துக்கொண்டிருந்தான். அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நிக்கலம்மா" என்றாள். "கூட்டந்தான்."

முத்துவடிவு சரி என்று தலையாட்டினாள். அப்புறம் அவள் பார்வை மகளின் காலுக்கு இறங்கியது. நேற்றுப் போட்ட அதே சுடிதார். முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து வெடித்திருந்தது. செருப்பில்லாமல் நடந்த பாதம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

வெளியே சங்கு ஊதினார்கள். முத்துவடிவு தன் முந்தானையை இழுத்து, யார் கண்ணிலும் படாதபடி அந்தக் காலை மூடினாள்.