மினுங்காத தரை

கிறிஸ்துமஸுக்குள் ஹாலுக்கு டைல்ஸ் போட்டுவிடலாம் என்று மகள் நிக்கோல் சொன்னபோது, ஐடாவுக்கு வந்திருக்க வேண்டிய சந்தோஷம் வரவில்லை.

எத்தனை வருஷம் ஆசைப்பட்ட விஷயம். பாலகாட் குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டுக்கும் ஒரே சிவப்பு சிமெண்ட் தரைதான். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்குள் பாறை வெடித்து வீடு குலுங்கும்போதெல்லாம் அதில் ஒரு கீறல் விழும். சிமெண்ட் குழைத்து அடைப்பார்கள். அடுத்த குலுக்கலுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று விழும். சுரங்கத்தை மூடியபின் குலுக்கல் நின்றது. ஆனால் போன மழையில் ஈரம் ஏறி ஜன்னலோரம் முழுக்கப் பொரிந்துபோயிற்று. வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தால், முடிந்து எழுந்து போகிற பெண்கள் புடவையின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டே படியிறங்குவார்கள். செம்பொடி. யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்தத் தட்டல் சத்தம் மட்டும் ஐடாவுக்கு ராத்திரிவரை காதில் இருக்கும்.

இப்போது மகளே செய்கிறேன் என்கிறாள். விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவள், ரயிலில் உட்கார்ந்தபடியே போனில் டைல்ஸ் படங்களாகத் தள்ளித் தள்ளிப் பார்த்து வைத்திருந்தாள். எல்லாம் பெரிய பெரிய, வழுவழுப்பான, முகம் தெரிகிற டைல்ஸ். ஐடா ஒவ்வொன்றையும் பார்த்து நன்றாக இருக்கிறது என்றாள். 

அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. ஈஸ்டர் கழிந்ததும் சபையில் பழைய தரையைப் பெயர்த்து எடுத்துவிட்டுக் கண்ணாடி போன்ற டைல்ஸ் பதித்தார்கள். முதல் ஞாயிறு, வாசற்படியிலேயே அவள் கணவர் கிளமெண்ட் நின்றுவிட்டார்.

"தண்ணி நிக்குது ஐடா. பாத்துப் போ."

தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. பின்னால் வந்த குடும்பம் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தாண்டிப் போனது. கிளமெண்ட் சுவரோரமாக ஒதுங்கி, பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை முன்னால் நீட்டி அழுத்திப் பார்த்து, பிறகு மறுகாலை வைத்து என்று நடந்து வந்தார். அந்த நடையை ஐடா அறிவாள். அவர் வேலை செய்த சுரங்கத்தில், பூமிக்கடியில் லெவலில், பாறையைக் குடைந்த அந்த நீளப் பாதையில், தலைவிளக்கு வெளிச்சத்தில் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று கல்யாணமான புதிதில் அவரே அவளுக்கு நடந்து காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறார். சபையில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு பேங்கில் ஒரு முறை. மருந்துக்கடையில் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் அதே நடை, அதே தண்ணீர்.

கிளமெண்டின் அண்ணன் சுந்தரராஜுக்கும் இப்படிச் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. ஒருநாள் காலை டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போய், என்றைக்கோ மூடிய சுரங்க ஷாஃப்ட்டின் கேட்டுக்கு எதிரில், ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் இன்னும் ஏன் வரவில்லை என்று போகிற வருகிறவர்களைக் கேட்டபடி நின்றிருந்தார். வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். பிறகு பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் சோறு ஊட்டிய சொந்த மனைவியிடம், நீ யாரம்மா, உன் வீட்டில் தேடமாட்டார்களா என்று மரியாதையாகக் கேட்டார். அவரைக் குளிப்பாட்ட ஐடாவும் போய் உதவியிருக்கிறாள். அந்தப் பாதையில் எது எதற்குப் பின் வரும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

அதனால் அவள் புருஷனைச் சோதிக்க ஆரம்பித்தாள். குழம்பு ஊற்றும்போது, போதகர் இன்றைக்கு எந்த வசனத்தை எடுத்தார், எனக்கு மறந்துவிட்டது என்பாள். அவர் சரியாகச் சொல்வார். சொல்லிவிட்டார் என்ற நிம்மதி ஒரு வேளை சாப்பாட்டுக்குள் கரைந்துபோகும். அடுத்த கேள்விக்கு மனம் தயாராகிவிடும். நிக்கோல் பிறந்த ஆஸ்பத்திரி வார்டு, தன் தகப்பனார் இறந்த வருஷம், பக்கத்து வீட்டுக்காரியின் தம்பி பெயர். கூட வாழ்ந்த மனிதரோடு பேசுகிற பேச்செல்லாம் பரீட்சையாகிவிட்டதே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அதைவிட மோசம், அவர் தூங்கும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் இல்லாத வீட்டுக்கு மனத்துக்குள் பழகத் தொடங்கியிருந்தாள். ஆள் உயிரோடு இருக்கும்போதே துக்கம் பாதி நடந்துகொண்டிருந்தது.

நிக்கோலிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் பெங்களூரில் பெரிய டாக்டரிடம் நாள் வாங்குவாள். டாக்டர் அதற்கு ஒரு பெயர் வைப்பார். பெயர் வைக்கும்வரை அது இல்லை என்றே இருக்கலாம் என்று ஐடாவுக்குத் தோன்றியது.

வீட்டுக்குள் மட்டும் அவர் நிம்மதியாக நடந்துகொண்டிருந்தார். மங்கிப்போன அந்தச் சிவப்புத் தரையில் அவருக்குத் தண்ணீர் தெரிந்ததே இல்லை. இனி அங்கேயும் பளபளப்பு வந்துவிட்டால், தன் நாற்காலிக்கே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவார். நிக்கோலும் பார்த்துவிடுவாள்.

சனிக்கிழமை மூன்று பேரும் ராபர்ட்சன்பேட்டைக்குப் போனார்கள். கடைக்காரர் நாகேஷ், அப்பா காலத்தில் சிமெண்ட் மூட்டை விற்ற இடத்தை இப்போது டைல்ஸ் ஷோரூம் ஆக்கியிருந்தார். வீட்டில் தெலுங்கு, கல்லாவில் கன்னடம், வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தால் தமிழ். கடையின் உள்பக்கம், வெயில் எட்டாத நீளமான அறையில், கூரை முழுக்க விளக்குகளை வரிசையாக எரியவிட்டு, கீழே ஒவ்வொரு ரகத்திலும் நாலைந்தைச் சேர்த்துப் பரப்பி வைத்திருந்தார். நிக்கோல் நேராகப் பளபளப்பான தந்த நிறத்துக்குப் போய்விட்டாள்.

ஐடா தன்னால் முடிந்த காரணங்களை எல்லாம் சொல்லிப் பார்த்தாள். காற்றடித்தால், சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டுத் தூசி வீட்டுக்குள்தான் வந்து படியும், வழவழப்பான தரையில் ஒவ்வொரு கால் தடமும் தெரியும் என்றாள். கூட்டத்துக்கு வருகிற வயசானவர்கள் வழுக்கி விழுவார்கள் என்றாள். எல்லாம் உண்மைதான். உண்மைகளை இப்படி ஒன்றுக்கு முன்னால் இன்னொன்றாக நிறுத்தி எதையோ மறைக்கிறோம் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது போலும். நிக்கோல் அலுத்துக்கொண்டாள்.

"மம்மி, இன்னா நீ, உனக்குத்தான பண்றேன். எப்ப பாரு தரை அசிங்கமா கீதுன்னு நீதான சொல்லுவ? டாடி, நீங்களாவது வந்து பாருங்க."

கிளமெண்ட் அறை வாசலில் நின்றிருந்தார். வரவில்லை. கீழே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தண்ணி கொட்டி வெச்சிக்கீறாங்க," என்றார் மெதுவாக. "தொடைக்கச் சொல்லு."

நாகேஷ் தரையைப் பார்த்தார், பிறகு நிக்கோலைப் பார்த்தார். நிக்கோல் அம்மாவைப் பார்த்தாள். ஐடா இத்தனை மாதம் முந்தானைக்குள் பொத்தி வைத்திருந்தது விளக்கு வெளிச்சத்தில் எல்லோருக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. தண்ணீர் எங்கே டாடி என்று நிக்கோல் கேட்கத் தொடங்கியபோது கரண்ட் போயிற்று.

ராபர்ட்சன்பேட்டையில் கரண்ட் போவது யாருக்கும் செய்தி அல்ல. ஜெனரேட்டர் போடச் சொல்லி நாகேஷ் பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். தெருப் பக்கத்திலிருந்து வந்த மங்கிய வெளிச்சத்தில் மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். கிளமெண்ட் மட்டும் நடந்து வந்தார். சுவரைப் பிடிக்கவில்லை, காலை நீட்டி அழுத்திப் பார்க்கவில்லை. அந்தத் தந்த நிற டைல்ஸ் மேலேயே ஏறி நின்றுகொண்டு, அதற்குள் யார் துடைத்தது என்று கேட்டார்.

அணைந்து கிடந்த கூரை விளக்குகளை ஐடா நிமிர்ந்து பார்த்தாள்.

பின்பக்கம் ஜெனரேட்டர் இரைந்தது. விளக்குகள் எரிந்தன. கிளமெண்ட் அப்படியே உறைந்து, இரண்டு கையையும் லேசாக விரித்து, நட்டாற்றில் மாட்டிக்கொண்டவர் போல நின்றார்.

"நாகேஷ்," என்றாள் ஐடா. தன் குரல் அவ்வளவு உறுதியாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். "அந்த லைட்டை ஆஃப் பண்ணுங்க. ப்ளீஸ்."

அவர் அணைத்தார்.

"இப்ப தண்ணி கீதாங்க?"

"இல்ல."

"போடுங்க நாகேஷ். இப்ப?"

"கீது. பளபளன்னு கீது." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இருட்டுல பாத்துட்டனே, தண்ணி இல்லன்னு எனக்குத் தெரியாதா? பைத்தியமா நானு? பளபளன்னு தெரிஞ்சா லெவல்ல தண்ணின்னு அர்த்தம். தண்ணிக்கு அடியில பள்ளம் கீதா இல்லியான்னு யாருக்குத் தெரியும்? இல்லன்னு நான் சொன்னாலும் காலு கேக்கமாட்டேங்குது."

ஐடா அவர் எதிரில் போய் நின்றாள். கூரை விளக்கைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று கேட்டாள். அதைச் சுற்றி முள்ளு முள்ளாக வெளிச்சம் தெறிக்கிறது, எதிரில் நிற்கிற அவள் முகம்கூடப் புகைக்குள் இருப்பது போலத் தெரிகிறது என்றார். எவ்வளவு நாளாக என்றாள். அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். நிக்கோல்தான் விடவில்லை, ஏன் டாடி சொல்லவில்லை என்று குடைந்தாள்.

"கண்ணு சரியில்லன்னா சர்ஃபேஸுக்குத் தள்ளிடுவான்," என்றார் கடைசியில்.

மருத்துவப் பரிசோதனையில் கண் தேறாதவர்களைச் சுரங்கத்துக்குள் இறக்கமாட்டார்கள். மேலே, ஸ்டோரில் உட்கார்த்தி வைப்பார்கள். சம்பளமும் குறையும், கூட்டாளிகளின் கேலி வேறு. அதனால் பரிசோதனைக்கு முதல் நாளே போர்டின் எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். வேலை போய் இத்தனை காலத்துக்குப் பிறகும் கிளமெண்ட் அந்தப் போர்டுக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நான் இன்னா மைன்ஸ் டாக்டரா?" என்றாள் ஐடா. சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அடுக்கி வைத்திருந்த டைல்ஸ் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று நிக்கோலுக்குத் தெரியவில்லை. நாகேஷ் எதையோ எடுப்பவர் போல வெளியே போய், எல்லோருக்கும் டீ சொன்னார்.

கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை என்றார். நன்றாக முற்றியிருக்கிறது, ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். ஐடா எழுந்திருக்கவில்லை. வேறு ஒன்றும் இல்லையா டாக்டர் என்று கேட்டாள். வேறு என்ன வேண்டும் உங்களுக்கு என்று டாக்டர் சிரித்தார். அப்போதுதான் அவள் சுந்தரராஜைப் பற்றிச் சொன்னாள். மகளுக்கும் கணவருக்கும் எதிரில், முதல் முறையாக, பயந்ததை எல்லாம் சொன்னாள். டாக்டர் கிளமெண்டிடம் கொஞ்ச நேரம் எதையெதையோ கேட்டார். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, வெளியே இவ்வளவு பேரைக் காக்க வைக்கிறீர்கள், டோக்கன் முறையாவது ஒழுங்காக வைக்கக்கூடாதா என்று தன் பங்குக்கும் ஒன்று கேட்டார். இவருடைய புத்திக்கு ஒன்றும் இல்லை அம்மா, எங்களுக்குத்தான் பயமாக இருக்கிறது என்றார் டாக்டர்.

பஸ்ஸில் வரும்போது கிளமெண்ட் வெளியே பார்த்தபடியே, அந்த வசனம் கேட்டது, வார்டு கேட்டதெல்லாம் அதற்குத்தானா என்றார். ஆமாம் என்றாள். நேராகவே கேட்டிருக்கலாமே என்றார். நீங்கள் சொல்லியிருக்கலாமே என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம் என்று அவள் நினைத்தாள். அதில் சின்ன வெட்கம் இருந்தது. அந்த வெட்கம்கூட இப்போது சுமக்க லேசாக இருந்தது.

டைல்ஸை ஐடாதான் தேர்ந்தெடுத்தாள். கடைக்குப் போய், விளக்குகளை எரியவிட்டு, கிளமெண்டைச் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றிலும் நடக்கச் சொன்னாள். வெளிச்சத்தை விழுங்கிக்கொள்கிற, மினுங்காத ஒரு சாம்பல் ரகத்தில் அவர் கால் தயங்கவில்லை. தூசி படிந்தாலும் தெரியாத நிறம். உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் மாவரைத்த கல் போலச் சொரசொரப்பு. நாகேஷ் அதன்மேல் தண்ணீரைத் தெளித்து, நிக்கோலைக் காலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னார், வழுக்கவில்லை. நிக்கோல் முகத்தைச் சுளித்தாள். பிறகு, சுவருக்குத் தன் விருப்பப்படி வெளிர் மஞ்சள் அடித்துக்கொள்ளலாம் என்று சமாதானமானாள்.

முதல் கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு கிளமெண்ட் வீட்டுக்கு வந்தபோது தரை போட்டு முடித்திருந்தார்கள். வாசலில் நின்றார். ஐடாவுக்கு ஒரு நொடி பழைய பயம் வந்துபோனது. அவர் கண்ணாடியைக் கழற்றாமல் குனிந்து நிதானமாகப் பார்த்தார். பிறகு நேராக நடந்து போய், ஜன்னலோரம் நின்று, மேஸ்திரி யார் என்று கேட்டார்.

இங்கே இரண்டு டைல்ஸுக்கு நடுவில் இடைவெளி கோணலாக ஓடுகிறது என்றார். சமையலறை நிலைப்படியில் வெட்டி வைத்த துண்டு மட்டமாக இல்லை, யாராவது தடுக்கிக்கொள்வார்கள் என்றார். மூலையில் பூசிய சிமெண்ட்டைச் சரியாகத் துடைக்காமல் காயவிட்டிருக்கிறான். ஆளைக் கூப்பிடு, போன் போடு, பதினைந்து அடி ஹாலில் ஒரு கோடு நேராகப் போட முடியாதவன் என்ன மேஸ்திரி.

நிக்கோல் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவரிடம் இந்தத் தரையைக் காட்டியதே தப்பு என்று அங்கிருந்தே சொன்னாள்.

ஐடா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கோணல் உண்மையிலேயே இருந்தது. அவளும் பார்த்திருந்தாள், பெரிதுபடுத்தவில்லை. இனி இரண்டாவது கண்ணும் ஆகிவிட்டால் சுவர், கூரை, அவள் மடித்து வைக்கிற துணி எதுவும் தப்பாது.

"எங்கங்க?" என்று கேட்டபடி அவர் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "எனக்குச் சரியாத் தெரியல. இன்னொரு தடவ காட்டுங்க."

அவர் முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்து, விரலை வைத்து முதலிலிருந்து காட்டத் தொடங்கினார்.