வேட்டை நன்றி

புதன்கிழமை மாலை ஆறு மணி பத்து நிமிடம். ஆல்ப்ஸ் மலைமேல் வெளிச்சம் இன்னும் அரை மணி நேரம் தாங்கும். சென்ஸி காட்டை ஒட்டிய வேட்டைப் பரணில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத் திருவிழா. வேட்டை உரிமம் கைக்கு வந்து மூன்று மாதம். அதற்குள், "இந்த வருஷம் மான்கறி என் துப்பாக்கியில" என்று பன்னிரண்டு பேரை விருந்துக்கு அழைத்துவிட்டாள். இதுவரை ஒரு முயல்கூட விழவில்லை.

காட்டோரத்தில் பெண்மான் ஒன்று தனியாக வந்து நின்றது.

"போடு," என்று கிசுகிசுத்தான் பக்கத்திலிருந்த அண்ணன் க்விரின்.

"குட்டி எங்கண்ணே?"

"நானா பிரசவம் பாத்தேன்? பெண்மானுக்கு செப்டம்பர்லயே வேட்டைப் பருவம் திறந்தாச்சு. போடு."

மான் திரும்பியது. தொலைநோக்கியில் பின்னங்கால்களுக்கு நடுவே மடி தெரிந்தது. கனத்த மடி.

"பால் இருக்கு. முதல்ல குட்டியச் சுடணும், அப்புறம்தான் தாய். தாயில்லாத குட்டி பனிக்காலம் தாண்டுமா?"

"அப்ப பன்னெண்டு பேரும் உருளைக்கிழங்கு உருண்டைய முழுங்கிட்டுப் போகட்டும்."

மான் எண்பது மீட்டரில் மேய்ந்தது. மூன்று முறை வசமாகக் குறுக்கே நின்றது. மூன்று முறையும் அவள் விரல் விசை வரை போய்த் திரும்பியது. குட்டி வரவில்லை. வெளிச்சம் மங்க, மான் காட்டுக்குள் போயிற்று.

க்விரின் முனகிக்கொண்டே தன் வீட்டுப் பக்கம் நடந்தான். சென்ஸி தோட்டாக்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சாலையில் இறங்கினாள். பின்னாலிருந்து சைக்கிளில் வந்தான் வூல்ஃப்ராம். அவனும் வேட்டைக்காரன்.

"வேட்டை வாழ்த்து, சென்ஸி!"

வெறுங்கையோடு வருகிறவர்கள் அதே வாழ்த்தைத் திருப்பிச் சொல்வார்கள். மான் விழுந்திருந்தால் மட்டும் 'வேட்டை நன்றி' என்பார்கள். சென்ஸியின் மனம் இன்னும் அந்த மடியிலேயே இருந்தது.

"வேட்டை நன்றி," என்றாள்.

"அடி சக்கை!"

"ஐயோ, இல்ல வூல்ஃப்ராம், வாய் தவறி..."

இறக்கம். சைக்கிள் மணி அடித்துக்கொண்டே ஊருக்குள் பாய்ந்தது.

வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பேர் பியரோடு நின்றார்கள். கைதட்டினார்கள். கணவன் ஆல்பன் ஓடிவந்து, முதல் வேட்டைக்கு உரிய தேவதாருக் கொத்தை அவள் தொப்பியில் செருகினான். கழுத்தை நீட்டி அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்தான்.

"நிலவறையில தொங்கவிடக் கொக்கி மாட்டியாச்சு. மான் எங்கடி?"