கண்ணாடி ரெடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் தேடிப் போனதல்ல. எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவில் ஆலோசகராக இருக்கும் என் தோழி ஒருநாள் அலுத்துக்கொண்டாள். பதிவேட்டில் 'வரவில்லை' என்பதற்குப் பக்கத்தில் காரணம் எழுத விரலளவு இடம்தானாம். அதில் அவள் பெரும்பாலும் எழுதுவது: அலட்சியம். எனக்குச் சுருக்கென்றது. (சொன்னேன், கோபித்துக்கொண்டாள். "அப்ப நீயே எழுதிப் பாரேன்!")

2

'அன்று காலை வானம் இருண்டு...' வேண்டாம். மருந்து வாங்க வேண்டியவள் வராததற்கு மழை காரணமில்லை.

'தூரம், கூலி, பயம் ஆகியவற்றால்...' இது கட்டுரை. இதில் ஆளே இல்லை.

ஆள் இவள்தான்: ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பவள். கணவன் போய் இரண்டு வருடம். காய்ச்சல் என்றுதான் நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறாள். அண்ணன் என்றால் உயிரை விடுகிறவளிடம் வேறென்ன சொல்வது? வீட்டில் இப்போது இவர்கள் இருவர்தான்.

சலவைக்கூடத்துக்குள் போன் கூடாது. அது பகலெல்லாம் நாத்தனார் கையில் இருக்கும். அதனால் என் தோழியும் அவளும் கூடி ஒரு ஏற்பாடு செய்தார்கள்: மருந்து வாங்கும் நாளை நினைவுபடுத்த, 'உங்க கண்ணாடி ரெடி' என்றால் போதும். கண்ணாடி ரெடி என்றால் கண்ணாடி வீட்டுக்கு வந்தாக வேண்டுமே என்பது இரண்டு புத்திசாலிகளுக்கும் தோன்றவில்லை.

3

முதல் அழைப்பிலேயே வம்பு வந்தது.

"கண்ணு தெரியலேன்னு எங்கிட்ட சொல்லவே இல்லியே அண்ணி! நாளைக்கு நானும் வர்றேன்."

மாதத்துக்கு ஒரே ஒரு அரைநாள் விடுப்பு. டப்பாவில் மூன்று மாத்திரை. மருத்துவமனைக்குப் போக வேண்டிய கால்கள் கண்ணாடிக் கடைப் படியேறின.

"நேத்து போன் பண்ணீங்களே?" என்றாள் நாத்தனார்.

(கடைக்காரரை 'இல்லையே' என்று சொல்லவைத்து எழுதினேன். கிழித்துவிட்டேன். வந்த ஆளைத் திருப்பி அனுப்பும் வியாபாரியை நான் பார்த்ததில்லை.)

"ஆமாமா, வாங்க, உக்காருங்க!" என்றார் அவர். சோதித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்று முணுமுணுத்தார்.

"சும்மாவாச்சும் ஒண்ணு குடுங்க," என்று அவள் கெஞ்சினாள்.

பவரே இல்லாத கண்ணாடியோடு திரும்பி நடந்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. நாத்தனாரோ, "டீச்சர் மாதிரி இருக்கீங்க!" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

4

மறுநாள் தோழி மறுபடி அழைத்தாள்.

"உங்க கண்ணாடி ரெடி."

"அதான் நேத்தே வாங்கியாச்சே. நீங்க யாரு?"

தோழி பதறிப்போய் போனை வைத்துவிட்டாள்.

இங்கே இன்னொரு பொய்யை நான் சுலபமாக எழுதலாம். ஆனால் மாத்திரை தீர்ந்துவிடும். 'நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு...' அடித்துவிட்டேன், அது என் ஆசை. 'நாத்தனார் அவள் துணிகளை வாசலில் வீசி...' அதையும் அடித்தேன். கன்னத்தைக் கிள்ளியவளை அப்படி எழுத மனம் வரவில்லை.

5

மாலை அவள் வீடு வந்ததும் நாத்தனார் கேட்டாள்: "யாரு அண்ணி அது?"

அவள் உட்காரவில்லை.

"ஆஸ்பத்திரியிலேர்ந்தும்மா. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. மாத்திரை ரெண்டுதான் மிச்சம். உங்க அண்ணனுக்கும்... அது காய்ச்சல் இல்லம்மா."

இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. நாத்தனாருக்காக நான் எழுதிய வசனம் ஒன்றுகூட நிஜமாக இல்லை. ஆகவே அவளை விலக்கிவிட்டேன். அந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள். அவள் சொல்லி முடித்துவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏதாவது சொல்லுங்கள்.