தொடக் கூடாத சுவர்

ஆஸ்பத்திரி வராந்தாவின் இரு முனைகளிலும் மஞ்சள் கூம்புகள் வைத்திருந்தார்கள். அவற்றைச் சுற்றிச் சுற்றி ஆறு நிமிடம் நடக்க வேண்டும். எவ்வளவு தூரம் போகிறாளோ அதைப் பொறுத்துத்தான் புது மருந்துச் சோதனையில் மலரைச் சேர்ப்பார்கள். ஏற்காட்டுக்கு இந்த மருத்துவக் குழு வந்ததே ஆள் தேர்ந்தெடுக்கத்தான். இன்றோடு முடிகிறது.

மலருக்குத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் நோய். நாகலூர் எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பிரிக்கும் வேலைக்கு இன்னமும் நடந்துதான் போகிறாள், மரத்துக்கு மரம் கை வைத்து. வீட்டுக்குள் சுவர்தான் துணை. பொங்கலுக்கு வெள்ளையடித்தால் மாசிக்குள் அவள் உள்ளங்கை போன வழி பழுப்புக் கோடாகத் தெரிந்துவிடும்.

"பயப்படாதீங்கம்மா. வீட்ல எப்படி நடப்பீங்களோ அப்படியே நடங்க," என்றார் நடையை அளக்க வந்த சரவணன்.

அவள் அப்படியே நடந்தாள். முதல் கூம்பில் திரும்பும்போது கை தானாகச் சுவருக்குப் போனது. சரவணன் கடிகாரத்தை நிறுத்தினார்.

"அவ்வளவுதாங்க. சுவரைத் தொட்டுட்டீங்க. பிடிமானம் இல்லாம நடந்தாத்தான் கணக்கு."

"ஊட்டுல நடக்கற மாதிரின்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"அது பொதுவா எல்லார்கிட்டயும் சொல்றதுங்க."

"தொடாமயும் நடப்பனுங்க. மெதுவாப் போவேன். இன்னொருக்கா விடுங்க."

"ஒரு தடவைதாங்க. எல்லா நாட்லயும் இதே விதி."

துணைக்கு வந்த அக்கா மேனகா எழுந்து வந்தாள். "எல்லா நாட்டுலயும் விதியச் சொல்லிப்போட்டு நடக்கச் சொல்லுவாங்களா, நடந்த பொறவு சொல்லுவாங்களா?"

சரவணன் கையிலிருந்த டேப்லெட் திரையில் எதையோ தட்டினார்.

"என்னங்க எழுதறீங்க?" என்றாள் மலர்.

"நடந்து முடிக்க முடியலைன்னு."

"நான் நடந்துட்டுத்தானுங்க இருந்தேன். நீங்கதான நிறுத்துனீங்க?"

"அப்படிப் போட இதுல இடம் இல்லைங்க."

நோய் வந்ததற்கு அவள் யார்மீதும் கோபப்பட்டதில்லை. அது யாரும் செய்த வேலை இல்லை. இது செய்த வேலை. செய்தவர் எதிரிலேயே நின்று அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாரமங்கலத்து ஐயாக்கண்ணு பெஞ்சிலிருந்து எழுந்தார். ஒரு கை தொடையை அழுத்தியது. மறு கை சுவரில் இருந்தது.

"பயப்படாதீங்கய்யா," என்று தொடங்கினார் சரவணன். "வீட்ல எப்படி நடப்பீங்களோ…"

"அண்ணா, செவுத்தத் தொட்றாதீங்க," என்றாள் மலர். "தொட்டா அதோட போச்சு. இவரு அதைக் கடைசீலதான் சொல்லுவாரு."

"நீங்க குறுக்க பேசக் கூடாதுங்க."

"நாந்தான் உங்க கணக்குலயே இல்லையே. நான் பேசலாமுங்க."

ஐயாக்கண்ணு சுவரிலிருந்து கையை எடுத்தார். அது திரும்பப் போய்விடாமலிருக்க, கழுத்திலிருந்த துண்டின் இரு முனைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். சரவணன் வேறு வழியின்றிக் கடிகாரத்தை அமுக்கினார்.

"வா புள்ள, பஸ்ஸு போயிரும்," என்றாள் மேனகா.

மலர் போகவில்லை. சுவரைப் பிடித்தபடியே எதிர் முனைக் கூம்புக்கு நடந்து போய் நின்றாள்.

"திரும்பற எடத்துலதானுங்கண்ணா கை போவும். பாத்து வாங்க."

அவர் துண்டை விடாமல் திரும்பினார்.