திறந்தால் மூட முடியாத குழி

நடு இலையுதிர் விழா முடிந்து இருபத்திரண்டு நாளாக மழை விடவில்லை. எங்கள் மலைச் சரிவில் இருபது குழி தியன்மா புதைந்து கிடக்கிறது. ஓக் கட்டைகளுக்கு நடுவே, தேன்காளானின் கறுப்பு நூலைத் தின்று வளரும் சீன மருந்துக் கிழங்கு. எனக்கும் என் வீட்டுக்காரர் குவான்லினுக்கும் வருஷம் முழுக்கச் சோறு போடுவது அதுதான்.

குளிர் இறங்கி, மொட்டு கிளிமூக்காகச் சிவந்த பிறகு தோண்டினால்தான் வியாபாரி நல்ல விலை கொடுப்பான். அதற்கு இன்னும் ஒரு மாதம். அதுவரை உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. திறந்தால் நூல் அறுந்துவிடும், அந்தக் குழியை அன்றே அள்ளியாக வேண்டும்.

மாதாமாதம் பக்கத்து மலையில் கிழங்கு எடுத்துச் சோதிக்கும் விவசாயக் கல்லூரித் தெங் டீச்சர் அன்று வந்தார். அவர் கொண்டுவந்த சோதனைக் காகிதத்தை விரல் வைத்து வாசித்தேன். ஆகஸ்டில் இருந்த புரதத்தில் பாதிகூட அக்டோபரில் இல்லை. காளான் தின்றுவிடாமல் கிழங்கைக் காப்பது அந்தப் புரதம்தான் என்றார். கிழங்கு வளர்வது நின்றதும் அந்தப் புரதம் குறையுமாம். ஈரத்தில் காளான் மட்டும் தூங்காதாம்.

"அப்ப அது கிழங்கைத் தின்னுருமா டீச்சர்?"

"தின்னலாம். உங்க குழியில தின்னுதான்னு எனக்குத் தெரியாதுங்க."

அவர் போனதும் குவான்லின் சிரித்தார். "காகிதம் மண்ணுக்குள்ள இறங்கிப் பார்த்துச்சாமா?"

"உங்க கண்ணு மட்டும் இறங்குச்சாக்கும்."

மறுநாள் காலை அவர் பன்றிக்குத் தீனி வைக்கப் போன நேரத்தில் கீழ்வரிசையில் ஒரு குழியைத் திறந்தேன். மேலே கிடந்தவை நன்றாகத்தான் இருந்தன. அடியில் நான்கைக் கறுப்பு நூல் சுற்றியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். தோல் மட்டும்தான் இருந்தது, உள்ளே நாற்றத் தண்ணீர்.

வந்து பார்த்த குவான்லின் நேராகப் போய் மேல்வரிசையில் ஒன்றைத் திறந்தார். எல்லாம் கெட்டியாக, வெளேரென்று இருந்தன. மொட்டு சிவக்கவே இல்லை.

"உன்னால நல்லா இருந்ததையும் கெடுத்தாச்சு. நிம்மதியா?"

கீழ்வரிசையில் கணுக்கால்வரை சேறு நின்றது, மேலே நிற்கவில்லை. நான் அதைக் காட்டினேன். அவர் இறங்கிச் சேற்றில் காலை விட்டுப் பார்த்தார்.

"கீழ மிச்சம் இருக்கற ஆறையும் அள்ளு. மேல யாரும் கை வைக்கக் கூடாது."

அள்ளினோம். மூன்று குழியில் பாதி போயிருந்தது. மேலே பன்னிரண்டு பாக்கி. அவற்றைச் சுற்றி வாய்க்காலை ஆழப்படுத்தினேன். முடிந்த பிறகும், இதையும் திறந்து பார்த்துவிடலாமா என்று கடைசிக் குழி ஓரத்திலேயே நின்றேன். கட்டைவிரலில் இன்னும் அந்த நாற்றம்.

மழை வலுத்தது. அவர் வந்து, என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.