கெசையாவின் பிறந்த வீடு

ஓபேத் கிரப் இறந்து நூற்று முப்பத்திரண்டு வருஷம் கழித்து, அக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தன் எள்ளுப்பேரன் டெல்மரின் கார் ஷெட்டுக்கு வந்து மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காப்பி கேட்டார். டெல்மர் கொடுத்தான். சர்க்கரை மூன்று கரண்டி. அவர் எழுந்து போன பிறகு நாற்காலியில் கொஞ்சம் ஈரம் இருந்தது, துடைத்ததும் போய்விட்டது. எங்கள் டோலன் ஃபோர்க் ஊரில் அந்த வருஷம் மக்காச்சோளம் சுமாராக விளைந்திருந்தது, பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, தேர்தல் வருஷம்கூட இல்லை. அடுத்த சனிக்கிழமை அவர் தன் தம்பியையும் கூட்டி வந்தார். அதற்கடுத்த வாரம் அதே குடும்பத்தில் 1908இல் செத்த லெமுவெல் வந்தார்; மதுவிலக்குக் கட்சிக்காக ஒஹாயோ முழுக்க மேடை போட்டுப் பேசியவர். டெல்மர் ஒரு பீர் புட்டியைத் திறந்ததும் கோபித்துக்கொண்டு வெளியேறி, வாதாட வேறு ஆள் கிடைக்காமல் பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

இதெல்லாம் டெல்மரின் அக்கா வெர்னாவுக்கு மளிகைக் கடையில்தான் தெரிந்தது, அதுவும் மூன்றாவது வாரம். அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? இருபத்திரண்டு வருஷமாக இந்தச் செத்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடித்தவள் அவள். இருபத்தெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்; பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு கல்லறை கல்லறையாக நின்று, பாசி படிந்த கற்களில் மாவைத் தடவி எழுத்துகளைப் படித்துக் குறித்துக்கொண்டவள். நீதிமன்ற நிலவறையில் பழைய பதிவேடுகளின் தூசியைச் சுவாசித்து இருமலை வாங்கிக்கொண்டதும் அவள்தான். ஓபேத்தின் கல் புல்லுக்குள் சாய்ந்து கிடந்ததைத் தூக்கி நிறுத்தியது யார்? டெல்மரா? அவனுக்கு ஓபேத் எந்த நூற்றாண்டு ஆள் என்பதே தெரியாது. டயர் கடை வைத்திருந்தான், மூன்று கட்சி மாறியிருந்தான், நாக்கு மட்டும் நீளம்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு குடும்ப மடல் நடத்தினார்கள். மாதம் ஒரு தாள், அறுபத்து நான்கு உறவினர்களுக்குத் தபாலில் போகும். முன்பக்கம் வெர்னாவுடையது: யார் எப்போது பிறந்தார்கள், யாரை மணந்தார்கள், எந்தக் கப்பலில் வந்தார்கள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஆதாரம். பின்பக்கம் டெல்மருடையது, அச்சடிக்கும் இயந்திரம் அவன் கடையில் இருந்ததால். அதில் அவன் கவர்னரைத் திட்டினான், கவர்னரைத் திட்டியவர்களைத் திட்டினான், இறக்குமதி வரி பற்றியும் போர் பற்றியும் வாஷிங்டனில் உட்கார்ந்திருப்பவர்கள் பற்றியும் தோன்றியதையெல்லாம் எழுதினான். ஆதாரம் என்று ஒரு வரி கிடையாது. உறவினர்களிடமிருந்து வரும் கடிதங்கள் எல்லாமே பின்பக்கத்துக்குத்தான் வந்தன. வெர்னா ஒரு முறை தாத்தாவின் பிறந்த வருஷத்தை வேண்டுமென்றே பத்து வருஷம் தள்ளிப் போட்டுப் பார்த்தாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அவள் அரசியல் பேசமாட்டாள். அவள் உறுப்பினராக இருந்த வம்சாவளிச் சங்கத்தில் அது விதி. அவள் அதை வீட்டுக்குள்ளும் கடைப்பிடித்தாள். நாற்பது வருஷமாக ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டிருக்கிறாள். ஓட்டுப் போட்டதற்குக் கொடுக்கும் வில்லையைக்கூடக் கோட்டுக்கு உள்பக்கம்தான் ஒட்டிக்கொள்வாள்.

செத்தவர்களை வரவழைக்க அவள் தன்னால் ஆனதைச் செய்தாள். சாப்பாட்டு மேஜையில் ஒன்பதடி நீள வம்ச வரைபடத்தை விரித்து, நான்கு ஓரத்திலும் பூசணிக்காய்ப் பலகாரம் செய்து வைத்து, முன்கதவைத் திறந்து போட்டுக் காத்திருந்தாள். ஈ வந்தது. கடைசியில் மானத்தை விட்டுத் தம்பியின் ஷெட்டுக்கே நோட்டுப் புத்தகத்தோடு போனாள். ஓபேத்திடம் கல்யாணத் தேதி கேட்டாள். அவர் கூரையைப் பார்த்தார். "அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா தாயி? நீ இதைச் சொல்லு, இந்தக் காகிதப் பணம் நிலைக்குமா நிலைக்காதா?" என்றார். வெர்னா தனக்கு அபிப்பிராயம் இல்லை என்றாள். அவர் நாற்காலியை டெல்மர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

இதையும் அவள் பொறுத்திருப்பாள். கெசையா வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கெசையா ஓபேத்தின் மனைவி, 1889இல் இறந்தவள். வெர்னாவின் வரைபடத்தில் இருந்த ஒரே ஓட்டை அவள்தான். பிறந்த வீடு எது, அப்பா பெயர் என்ன, எந்த ஊர், ஒன்றும் கிடையாது. மக்கள்தொகைக் கணக்கில் கெசையா, ஓபேத்தின் மனைவி. தேவாலயப் புத்தகத்திலும் கல்லறைக் கல்லிலும் அதுவேதான். அவளுக்கு மேலே பென்சிலால் ஒரு வெற்றுக் கட்டம் வரைந்து, அதை நிரப்புவதற்காக வெர்னா நான்கு மாநிலங்கள் அலைந்திருந்தாள். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் தான் சாகக்கூடாது என்று சங்கத்தில் வெளிப்படையாகவே சொல்லியிருந்தாள். செத்தவர்கள் வரத் தொடங்கிய மூன்றாம் வருஷம், ஒரு சனிக்கிழமை டெல்மர் தொலைபேசியில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவன், நடுவில் சொன்னான்.

"ஒரு கெழவியும் ஆறு வாரமா வருது. பெயின்ட் வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து பீன்ஸ் உரிக்குது. கெசையாவாம்."

"ஆறு வாரமாவா?"

"ஆறோ ஏழோ. ஏன், உனக்குத் தெரிஞ்சவங்களா?"

வெர்னா தொலைபேசியை வைத்துவிட்டுக் காரை எடுத்தாள். பேருந்து ஓட்டிய காலம் முழுவதும் ஒரு கண்ணாடியைக்கூட உரசாதவள், அன்று டெல்மரின் வாசலில் வண்டியைத் திருப்பும்போது அவன் தபால் பெட்டியைக் கம்பத்தோடு சாய்த்தாள். தவறுதலாக என்று ஊரில் யாரும் நினைக்கவில்லை. ஷெட்டுக்குள் குட்டையான, பல் இல்லாத ஒரு கிழவி பீன்ஸ் நாரை உரித்து உரித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். வெர்னா முழங்காலிட்டு, நோட்டைப் பிரித்து, பென்சிலை நாக்கில் தொட்டு, "உங்க அப்பா பேரு என்னங்க?" என்று கேட்டாள். கெசையா அவளை ஒரு பார்வை பார்த்தாள். மடியை உதறி எழுந்து, சுவர் வழியாகவே போய்விட்டாள். ஐந்து வாரம் வரவில்லை.

"போலீஸ் மாதிரி கேட்டா யாரு இருப்பா?" என்றான் டெல்மர். திரும்பி வந்தால் நீயே கேட்டுச் சொல் என்று வெர்னா தம்பியிடம் கெஞ்சினாள். வாழ்க்கையில் அவள் அவனிடம் கெஞ்சியது அந்த ஒரு முறைதான். கெசையா திரும்பி வந்தாள். இரண்டு வருஷம் ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலையில் வெர்னா கேட்டாள்; ஒவ்வொரு சனிக்கிழமையும் டெல்மர் நெற்றியில் அடித்துக்கொண்டான். "கேக்கணும்னுதான் இருந்தேன். சொத்து வரி விஷயம் வந்துடுச்சு." அவள் கேட்ட சொத்து அவன் எதிரில் வாளிமேல் உட்கார்ந்திருந்தது, அவன் அதைக் கண்டுகொள்ளாமல் வரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். தன் தம்பியை அவள் அந்த இரண்டு வருஷம் மனமார வெறுத்தாள். அவன் தலைமுடியை, அவன் சிரிப்பை, அவன் ஷெட்டிலிருந்து வரும் காப்பி வாசனையைக்கூட வெறுத்தாள். எனக்கு உரியதை இவன் தின்கிறான், ருசிகூடத் தெரியாமல் தின்கிறான் என்று மளிகைக் கடையில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

அப்புறம் ஒரு தேர்தல் வருஷம் வந்தது. ஓட்டுக்கு முந்தைய சனிக்கிழமை, மடலின் முன்பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வெர்னா ஷெட்டுக்கு வந்தாள். உள்ளே பதினொரு செத்தவர்கள் இருந்தார்கள். டெல்மர் ஒரு டயர்மேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தான். இந்த நாட்டில் ஓட்டு மலிந்துபோய்விட்டது, கவர்னர் பெயர் தெரியாதவனெல்லாம் போடுகிறான், ஓட்டுப் போட ஒரு பரீட்சை வைக்க வேண்டும் என்றான். ஓபேத் தலையாட்டினார். லெமுவெல் கை தட்டினார். கெசையா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். தாளை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். வெர்னாவால் முடியவில்லை.

"இறங்குடா கீழே!" என்றாள். "பரீட்சை வைக்கணுமா? நம்ம வீட்டுல எத்தனை பொம்பளைங்க ஓட்டே இல்லாம செத்தாங்கன்னு தெரியுமா உனக்கு? பேரச் சொல்லு பாப்போம். ஒரு பேரு தெரியுமா? பதினாலு பேரு! நான் எண்ணியிருக்கேன். தோ உக்காந்திருக்காங்களே, அவங்களை ஒருத்தன் கேட்டிருப்பானா, உனக்கு என்ன வேணும்னு? வருஷா வருஷம் இந்த ஆம்பளைங்க போயிப் போட்டுட்டு வந்தாங்க. அவங்களுக்கு எந்தப் பரீட்சைடா வச்சாங்க? மீசைதானே பரீட்சை!"

நாற்பது வருஷம் கோட்டுக்கு உள்ளே இருந்தது வெளியே வந்தால் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அவள் இருபது நிமிஷம் பேசினாள். முடித்தபோது பதினொரு தலைகளும் அவள் பக்கம் திரும்பியிருந்தன. கெசையாவின் கை நின்றிருந்தது.

"ஏண்டி," என்றாள் கெசையா. "எனக்காகப் பேச உன்னை யாரு வச்சது?"

"நான் உங்க நல்லதுக்குத்தானே—"

"எனக்கு ஓட்டு வேணும்னு உங்கிட்ட வந்து அழுதேனா? பதினோரு பிள்ளை, நாலு பசு, ஒரு ஓபேத். இதுல அது ஒண்ணுதான் கொறச்சலா?"

"அதுக்காக வேண்டாம்னு சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன். ஆயிரம் தடவை சொல்லுவேன்."

வெர்னா பதிலுக்குச் சொன்னாள், கெசையா அதற்குச் சொன்னாள். இருவரும் சண்டை போட்டபடியே ஷெட்டை விட்டு வெளியே வந்து, காருக்குப் போய், முன் இருக்கையில் உட்கார்ந்து, நான்கு மைல் சண்டை போட்டபடியே வெர்னாவின் வீட்டுக்குப் போனார்கள். செத்தவர்கள் யாரும் அதுவரை கார் ஏறியதில்லை. சமையலறையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, மேஜையைத் தட்டித் தட்டி, மாலை நாலு மணிவரை விடவில்லை. பெண் ஓட்டுப் போட்டால் நாடு நாசமாகும் என்றாள் கெசையா. ஏற்கெனவே ஆகித்தான் கிடக்கிறது, பெண்ணா ஆக்கினாள் என்றாள் வெர்னா. அப்போதுதான் கிழவி கையை மேஜையிலிருந்து எடுத்தாள்.

"ஓட்டுன்னா என்னன்னு தெரியுமாடி உனக்கு? ஓட்டுச் சாவடியில பீப்பாயில விஸ்கி வச்சிருப்பாங்க. இந்தக் கட்சிக்குப் போடுறவனுக்கு ஒரு குவளை, அந்தக் கட்சிக்குப் போடுறவனுக்கு இன்னொண்ணு. எங்கப்பன் ரெண்டு பக்கமும் குடிச்சிட்டு வருவான். ஓட்டு நாளன்னிக்கு எங்கம்மா எங்களையெல்லாம் சோளக் கொல்லையில ஒளிச்சி வைப்பா. அவ மட்டும் உள்ள இருப்பா. கடைசி தடவை எனக்கு ஒன்பது வயசு. மறுநாள் அவ எந்திரிக்கல."

பிறகு அப்பாவின் பெயரைச் சொன்னாள். முழுப் பெயரும், ஊரும், அம்மாவின் பெயரும், அம்மா பிறந்த வீட்டின் பெயரும் சொன்னாள். "கல்யாணத்தன்னிக்குப் பாதிரியாருகிட்ட நாந்தான் சொன்னேன், அந்தப் பேரை எங்கயும் எழுதாதேன்னு. அந்தாளு நல்லவரு. எழுதல. அதுக்கப்புறம் கேட்ட ஒருத்தருக்கும் நான் சொன்னதில்ல."

நோட்டுப் புத்தகம் கை எட்டும் தூரத்தில் இருந்தது. பென்சிலும் இருந்தது. இருபத்தேழு வருஷம் அலைந்தவளுக்கு விரல் எப்படித் துடித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெர்னா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். அழுது முடித்து, "அப்படின்னா உங்கப்பாவோட ஓட்டைத்தான் பிடுங்கியிருக்கணும். உங்களுக்கு ஏன் கூடாதுங்கறீங்க?" என்றாள். அதற்குப் பதில் அடுத்த சனிக்கிழமை வந்து சொல்கிறேன் என்று கெசையா எழுந்தாள்.

வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். அந்த மாத மடலில் வெர்னா முன்பக்கத்தில் தன் கருத்துகளை எழுதினாள். பத்தொன்பது கடிதங்கள் வந்தன, பாதி வசவு. வரைபடத்தில் கெசையாவுக்கு மேலே இருந்த கட்டத்தை அழித்துவிட்டு, அடிக்குறிப்பு ஒன்று போட்டாள்: தெரியும், அவர் விருப்பப்படி விடப்பட்டது. இது ஆதாரம் ஆகாது என்று சங்கத்துத் தலைவி அம்மாள் விசாரிக்க வந்தார். சமையலறையில் கெசையாவின் எதிரே போய் உட்கார்ந்தவர், ஒரு மணி நேரம் கழித்து, இறக்குமதி வரி பற்றி உரக்கப் பேசிக்கொண்டே வெளியே வந்தார். அடிக்குறிப்பு அப்படியே பதிவானது. அந்தப் பெயர் இன்றுவரை எங்கள் ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

டெல்மருக்கும் தெரியாது. முதல் மாதம் அவன் பின்வாசலுக்கு வந்து நின்றான்.

"பேரு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"என்ன பேரு? எனக்கும் அவங்க எள்ளுப்பாட்டிதானே?"

"ரெண்டு வருஷம் உன் எதிர்லதான உக்காந்திருந்தாங்க. கேட்டிருக்கலாமே."

அவன் முகம் போன போக்கை வெர்னா ஆசை தீரப் பார்த்தாள். ஐந்து வருஷம் அவள் கண்ணாடியில் பார்த்த முகம் அது. அதன் பிறகு சனிக்கிழமைகளில் அவன் வண்டி எதிர்ச் சாரியில் நிற்கும், எஞ்சினை அணைக்காமல். ஒரு நாள் கெசையா சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"யாரது, ரொம்ப நேரமா நிக்கறான்?"

"என் தம்பிதான். பொறாமை."

"உள்ள கூப்பிடுவியா?"

"கூப்பிடுவேன்," என்றாள் வெர்னா. "அடுத்த வருஷம்."

எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தாள்.