முப்பது மீட்டர் ஒயர்

அத்தான் கடல் தாண்டிச் சுரங்க வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒப்பந்தம் முடிகிற நேரம். வருவாரா, மறுபடி கையெழுத்துப் போடுவாரா என்று அக்காவுக்குத் தெரிய வேண்டும். கடிதம் வந்து சேர இரண்டு மாதம் பிடிக்கும். அங்குள்ள வானொலி நிலையம் சனிக்கிழமை சாயங்காலம் அரைமணி நேரம் தமிழில் பேசும், தொழிலாளிகள் வீட்டுக்குச் சொல்வதை வாசிக்கும். இந்த மாதக் கடைசி சனிக்கிழமை கேட்கச் சொல்லி அத்தான் எழுதியிருந்தார்.

எங்களிடம் இருப்பது கையடக்க ரேடியோ. சிற்றலையில் அந்த நிலையம் வரும் இடத்தில் மணல் சலிக்கிற சத்தம்தான் வரும்.

நான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். அங்கே கழித்துப்போட்ட மோட்டாரிலிருந்து செம்புக் கம்பி முப்பது மீட்டர் உருவினேன். முனையைப் பிளேடால் சுரண்டி ரேடியோவின் ஏரியலில் சுற்றினேன். மறுமுனை மாடித் தொட்டி வரை போனது. குமிழைத் திருப்பினால், முள் எங்கே நின்றாலும் உள்ளூர் நிலையத்துக்காரர் பேசினார்.

"கடலைத் தாண்டச் சொன்னா தெருவையே தாண்டல. சனிக்கிழமை அது வாயத் திறக்கலன்னா உன் வாய நான் மூடிடுவேன்" என்றாள் அக்கா.

மறுநாள் கிடங்கு ஒயர்மேனிடம் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும்வரை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன்.

"மூட்டை தூக்குற புத்திய காட்டிட்டியே மாப்ள! நிறைய இருந்தா நிறைய கேக்குமா? பச்சப்புள்ள வாயில அண்டாவக் கவுத்தா மூச்சுத்தான் முட்டும். பத்து மீட்டர் போதும். நேரா கட்டாத, நடுவுல இதப் போடு, அளவா உள்ள விடும்."

பயறு அளவில் ஒரு கெப்பாசிட்டரைக் கொடுத்தார். ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலையும் இரவல் தந்தார். பேட்டரியின் மைனஸ் பக்கத்திலிருந்து இன்னொரு ஒயரை எர்த்துக்காக இழுத்துத் தண்ணீர்க் குழாயில் கட்டச் சொன்னார்.

இருபது மீட்டரை வெட்டி எறிய மனசே வரவில்லை. வெட்டினேன்.

சனிக்கிழமை அக்கா வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். முகம் கழுவி எதிரே உட்கார்ந்தாள். முள்ளை மயிரிழை நகர்த்தியதும் ஒரு பெண் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல் வந்தது. ஆறாவதாக அத்தான் பெயர்.

"நலம். இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்னை எதிர்பார்க்க வேண்டாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். "மூணு மாசம்னுதானே சொன்னா?"

"வருஷம்னு கேட்டுச்சுக்கா."

"உன் காதுல மூட்டைத் தூசி. இரைச்சல்ல என்னத்த கேட்ட?"

இரைச்சல் இல்லை. தூரத்தில் இருப்பவர்களுக்காக ஒவ்வொரு செய்தியையும் இரண்டு தடவை வாசிப்பது அவர்கள் வழக்கம். அந்தப் பெண் மறுபடி வாசித்தாள், நிறுத்தி நிறுத்தி. மூன்று. வருடம்.

அடுத்தவர் பெயர் வந்தது. அவருக்குக் குழந்தை பிறந்ததை வீட்டார் தெரிவித்தார்களாம், சந்தோஷமாம்.

"அணைச்சிடவாக்கா?"

"இருக்கட்டும்" என்றாள். "முழுசா முடியட்டும்."